விறகை அறிந்து அடுப்பேற்றுவோம்

கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்கு அருகே ஒரு சிறு தெரு. விடியற்காலையில் இட்டலி அவித்து விற்றுத் தம் குடும்பத்தைக் காத்துவரும் மூதாட்டி ஒருவர் அங்கே வாழ்கிறார். கணவரை இழந்தவர். ஒரு நாள் மாலை, நோயுற்றோர் ஒருவரைச் சந்தித்துவிட்டு அவ்வழியே திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த அம்மையாரின் வீட்டு வாயிலில் விறகு ஏற்றிய வண்டி ஒன்று நின்றிருந்தது. அவர் வண்டியிலிருந்து இரண்டு கட்டைகளை உருவி எடுத்தார். ஒன்றோடு ஒன்றைத் தட்டினார். காதருகே கொண்டுசென்று மறுபடியும் தட்டினார். வெட்டிய முகத்தை முகர்ந்தார். நகத்தால் பட்டையைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு இரண்டையும் வண்டியிலேயே போட்டுவிட்டு, "எடுத்துக்கிட்டுப் போப்பா" என்றார்.

வண்டிக்காரர் விடவில்லை. "நல்ல சவுக்கு ஆயா, நீயே பாரு" என்று வாதாடினார்.

"சவுக்குதான். இல்லைன்னு யாரு சொன்னா? ஆனா நேத்து வெட்டுன சவுக்கு" என்றவர், என்னைக் கண்டதும் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சாமி. இதுல பாதி தண்ணி. தண்ணிய எடைபோட்டு வாங்க எங்கிட்டக் காசு ஏது?"

அன்பார்ந்த வாசகர்களே, மெய்யியலும் இறையியலும் ஆண்டுக்கணக்கில் பயின்ற எனக்கு அக்கேள்விக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. எழுத்தறியாத அந்த அம்மையாரின் செவியும் நாசியும் விரல் நுனியும் ஒரு பாடநூலின் வேலையைச் செய்துகொண்டிருந்தன. நம் வீடுகளிலிருந்து மெல்ல மறைந்துவரும் அந்த அறிவைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

"எங்கள் வீட்டில் எரிவாயு இருக்கிறதே, விறகைப் பற்றி எங்களுக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். திருமணப் பந்திக்கும் திருவிழா அசனத்துக்கும் பெரிய அண்டாக்களை ஏற்றுவது பெரும்பாலும் விறகடுப்பின் மேல்தான். நெல் அவிக்கும் வீடுகளும் தெருவோரச் சிற்றுண்டிக் கடைகளும் இன்னும் விறகை நம்பியுள்ளன. சிலிண்டருக்குப் பணம் சேராத மாதங்களில் ஏழைக் குடும்பங்கள் மீண்டும் சுள்ளி பொறுக்கச் செல்வதை நாம் அறிவோம். இவற்றுக்கெல்லாம் மேலாக, 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலை நம் மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க முடியாது. பண்ருட்டிப் பகுதியின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் ஒரே காலைப் பொழுதில் சாய்ந்தன. மின்சாரம் இல்லை, போக்குவரத்து இல்லை. அந்நாள்களில் முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பேற்றியோர் பலர். சுற்றிலும் விறகு மலைபோல் கிடந்தது. ஆனால் எதை எரிப்பது, எப்படி எரிப்பது என்பது இளைய தலைமுறைக்குத் தெரிந்திருக்கவில்லை. பச்சை முந்திரிக் கட்டையை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்ற இளம் தாய்மாரை அன்று நேரில் கண்டேன்.

எடைக்கு வாங்கினால் ஈரத்தைப் பார். வண்டிக்கு வாங்கினால் மரத்தைப் பார்

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். நன்கு உலர்ந்த நிலையில் எந்த மரமானாலும் ஒரு கிலோ விறகு தரும் வெப்பம் பெரும்பாலும் 4,500 முதல் 5,000 கிலோ கலோரி வரையில்தான் இருக்கும். சவுக்கோ, மாவோ, கருவேலமோ, இதில் பெரிய வேற்றுமை இல்லை. அப்படியானால் ஒன்றை நல்ல விறகு என்றும் மற்றொன்றை மட்ட விறகு என்றும் நாம் கூறுவது ஏன்? அடர்த்தியே அதற்குக் காரணம். அடர்ந்த மரம் சிறிய இடத்தில் மிகுந்த எடையைக் கொண்டிருக்கும், நின்று எரியும், நல்ல தணலைத் தரும். இலேசான மரம் சட்டென்று பற்றி, விரைவில் சாம்பலாகிவிடும்; அடுப்பின் முன்னே இருப்பவர் அடிக்கடி விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே வண்டிக் கணக்கில் வாங்குவோர் மரத்தின் இனத்தை அறிதல் வேண்டும். எடைக் கணக்கில் வாங்குவோர் முதலாவதாக ஈரத்தை அறிதல் வேண்டும்.

அப்போதுதான் வெட்டப்பட்ட மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கக் கூடும். நிழலிலும் காற்றிலும் நன்கு உலர்ந்த விறகிலோ 15 முதல் 20 விழுக்காடு ஈரமே எஞ்சும். 100 கிலோ பச்சை விறகு வாங்குகிறவர் 50 கிலோ தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இழப்பு அத்தோடு முடிவதில்லை. அந்த 50 கிலோ நீரையும் அடுப்பிலேயே ஆவியாக்கியாக வேண்டும். ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஆவியாக்க ஏறத்தாழ 610 கிலோ கலோரி செலவாகிறது. கணக்கிட்டால், 6 அல்லது 7 கிலோ உலர்ந்த விறகின் வெப்பம் சோற்றுப் பானைக்குச் செல்லாமல் அந்த நீரை விரட்டுவதிலேயே வீணாகிறது. மேலும் ஈரம் நெருப்பைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த நெருப்பில் மரம் முழுமையாக எரிவதில்லை. எரியாத பகுதியே புகையாகிக் கண்ணையும் நெஞ்சையும் சென்றடைகிறது.

இப்புகையை எளிதாக எண்ணிவிடலாகாது. விறகு, சாணம், நிலக்கரி முதலியவற்றால் வீட்டுக்குள் எழும் மாசு 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் மக்களின் இறப்புக்குக் காரணமாயிற்று என்று உலக நலவாழ்வு அமைப்பு கணித்துள்ளது. அவர்களுள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். அடுப்படியில் அமர்ந்திருப்பவள் தாய். அவள் மடியில் இருப்பது குழந்தை. இதை நாம் மறக்கலாமா?

தட்டுதல், முகர்தல், உற்று நோக்கல்

ஈரத்தை அறியும் வழிகள் எளியவை. உலர்ந்த இரு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று கணீரென ஒலிக்கும். பச்சைக் கட்டை 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். உலர்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில், நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல வெடிப்புகள் ஓடியிருக்கும். பச்சைக் கட்டையின் முகம் வெடிப்பின்றி, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். பட்டை தானே நெகிழ்ந்து உரிந்தால் உலர்ந்தது. நகத்தால் கிள்ளும்போது உட்பட்டை பச்சையாகவோ ஈரமாகவோ தெரிந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். அடுப்பில் இட்டபின் கட்டையின் மறுமுனையில் நுரை கக்கிச் சீறினால், வாங்கியவர் ஏமாந்தார் என்பது உறுதி. ஆனால் அப்போது அறிந்து பயன் என்ன?

இனி மரத்தின் இனத்தைக் கண்டறிதல். அதற்குப் பட்டை, உள்நிறம், பிளவு ஆகிய மூன்று சாட்சிகள் உள்ளன. ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்கலாகாது. இளமரத்தின் பட்டை ஒருவிதம், முதுமரத்தின் பட்டை வேறுவிதம். ஆகவே மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பட்டை கூறும் சாட்சி

நம் கரையோரத்தின் முதல் விறகு சவுக்கு. அதன் இளங்கட்டையின் பட்டை பழுப்புச் சாம்பல் நிறத்தில் ஓரளவு வழவழப்பாக இருக்கும். முதிர முதிர நெடுக்காக வெடித்து, நீண்ட கீற்றுகளாக உரியும். விறகாக வருவது பெரும்பாலும் கைப்பிடிக்கு அடங்கும் பருமனுள்ள நேரான கழிகளே. ஆதலால் வடிவத்தைக் கொண்டே இதனை இனங்காணலாம்.

கருவேலத்தின் பட்டை கரும்பழுப்பு நிறமானது. சில மரங்களில் ஏறத்தாழக் கறுப்பாகவே இருக்கும். நெடுக்காக ஆழ்ந்த பிளவுகள் ஓடும். விரலை உள்ளே வைத்து அளக்கலாம் போலத் தோன்றும். இதற்கு நேர்மாறாக, வெள்வேலத்தின் பட்டை வெளிறிய மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் கொண்டது. சீமைக்கருவேலமோ சாம்பல் கலந்த பழுப்புப் பட்டையும், கோணல் மாணலான கிளைகளும், வலிய முட்களும் உடையது. நேரான கட்டை ஒன்றுகூட இல்லாத விறகுக் கட்டைக் கண்டால் அது சீமைக்கருவேலமாக இருக்கக் கூடும் என்று ஐயுறலாம்.

புளிய மரத்தின் பட்டை தடித்தது, கருஞ்சாம்பல் நிறத்தது, நெடுக்காகவும் குறுக்காகவும் வெடித்துச் செதில் செதிலாகக் காணப்படும். மாமரத்தின் பட்டையும் தடித்துக் கறுத்ததே. எனினும் கையில் எடுத்தவுடன் எடை காட்டிக்கொடுத்துவிடும். அதே பருமனுள்ள புளியங்கட்டையைவிட மாங்கட்டை இலேசானது. முந்திரியின் பட்டை சாம்பல் பழுப்பு நிறமாக, பெரிய வெடிப்புகள் இன்றி இருக்கும். வெட்டிய இடத்தில் கசியும் சாறு காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். அதுவே அதன் முத்திரை. முருங்கையின் பட்டை தக்கைபோல் மிருதுவானது. "முருங்கை பருத்தால் தூணாகுமா?" என்று நம் முன்னோர் கேட்டனர். தூணுக்கு ஆகாதது அடுப்புக்கும் ஆகாது. பச்சையில் நீரைச் சுமந்திருக்கும். காய்ந்தால் பஞ்சுபோல் எரிந்து தீரும்.

வைரமும் வெளிறும்

கட்டையின் வெட்டுமுகத்தை நோக்குங்கள். நடுவில் நிறம் செறிந்த பகுதி வைரம். அதைச் சூழ்ந்த வெளிர்நிறப் பகுதி வெளிறு. மரம் உயிரோடு இருக்கையில் வெளிறுதான் நீரைக் கிளைகளுக்குக் கொண்டுசெல்லும். வைரம் தன் பணியை முடித்து இறுகிப்போன பகுதி. பூச்சி அரிப்பதும் பெரும்பாலும் வெளிற்றைத்தான். வைரம் மிகுந்த விறகு நின்று எரியும்.

கருவேலத்தின் வைரம் செந்நிறம் கலந்த பழுப்பு. வெளிறு மஞ்சள் கலந்த வெண்மை. சீமைக்கருவேலத்திலும் செம்பழுப்பு வைரமும் குறுகிய மஞ்சள் வெளிறும் உண்டு. பூவரசின் வைரம் கருஞ்சிவப்பும் ஊதாச் சாயலும் கலந்த பழுப்பு. முதிர்ந்த புளியில் வைரம் சிறிதாக, கருமை கலந்த ஊதாப் பழுப்பாக இருக்கும். மஞ்சள் கலந்த வெளிறே பெரும்பகுதி. வேம்பின் வைரம் சிவந்திருக்கும். பலாவின் வைரமோ பொன்மஞ்சளாகத் தோன்றி, நாள்பட நாள்படப் பழுப்பாகும். தானே புயலுக்குப் பின் இந்தப் பொன்மஞ்சள் கட்டைகளையும் விறகு வண்டிகளில் கண்டபோது மனம் கனத்தது. பெட்டியும் கதவும் ஆகவேண்டிய மரம் அடுப்புக்குச் சென்றது. அதை வளர்த்த குடும்பம் இழந்ததோ பல்லாண்டு வருமானம்.

கோடரியின் முன் மரத்தின் குணம்

நான் குருமடத்தில் பயின்ற காலத்தில், அங்கே சமையற்கூடத்துக்கு விறகு பிளக்க முதியவர் ஒருவர் வருவார். மெலிந்த உடல்; ஆயினும் அவர் ஓங்கும் ஒவ்வோர் அடிக்கும் கட்டை இரண்டாகும். இளமைத் துடிப்பில் ஒருமுறை கோடரியை வாங்கி நானும் ஓங்கினேன். கோடரி கட்டையின் நடுவில் புதைந்துகொண்டது, இழுத்தும் வரவில்லை. முதியவர் சிரித்தார்.

"கட்டைய அடிக்கக் கூடாதுங்க பிரதர், கேக்கணும். எந்தப் பக்கம் பிரியறேன்னு அதுவே வெடிச்சுக் காட்டும். அந்த வெடிப்புல போடுங்க. கணு கீழ இருக்கட்டும்" என்றார்.

அவர் கூறியதன் பொருளைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். மரம் என்பது நெடுக்காக ஓடும் நார்களின் கட்டு. நார் நேராக ஓடினால் கோடரியின் அலகு ஆப்பாக நுழைந்து, நார்களைப் பிரித்துக்கொண்டே செல்லும். வெட்டுமுகத்தில் ஆரக்கால்போல் ஓடும் வெடிப்பே இயற்கை வரைந்து கொடுத்த கோடு. சவுக்கு இத்தகையது, நேராகப் பிளக்கும். பருத்த சவுக்கையும் வெட்டிய சில நாள்களுக்குள் பிளந்துவிடுவது நன்று; காய்ந்து இறுகிவிட்டால் கோடரி தெறிக்கும்.

புளியின் குணமோ வேறு. அதன் ஓர் அடுக்கு நார் இடப்புறம் சாய்ந்து ஓடினால், அடுத்த அடுக்கு வலப்புறம் சாய்ந்து ஓடும். பின்னிய சடைபோன்ற அந்த மரத்தில் ஆப்புக்கு நேர்வழி கிடைப்பதில்லை. நடுவில் வலியப் பிளந்தால் பிளவுமுகம் வழவழப்பின்றி, சிராய் சிராயாய்க் கிழிந்து நிற்கும். இறைச்சிக் கடைகளில் வெட்டுக் கட்டையாகப் புளியை வைத்திருப்பதன் காரணமும் இதுவே: எத்தனை வெட்டு விழுந்தாலும் அது பிளவுபடாது. ஆகவே புளியங்கட்டையை நடுவில் தாக்காமல், விளிம்பிலிருந்து சீவிச் சீவிப் பிளப்பது அனுபவசாலிகளின் வழக்கம். பெருங்கட்டையானால் இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். இத்தனை உழைப்புக்கும் புளி கைம்மாறு செய்யத் தவறாது; நீண்ட நேரம் கனன்றுகொண்டிருக்கும் தணலைத் தரும்.

பூவரசும் எளிதில் பிளவுபடாத இனமே. மாவும் முந்திரியும் கோடரிக்கு அதிகம் எதிர்ப்புக் காட்டுவதில்லை. அவை விரைவில் பற்றும், விரைவில் தீரும். அடுப்பு மூட்டுவதற்கும், கொதி வரும்வரை சுடர் எழுப்புவதற்கும் அவை உதவும். நின்று வேகவேண்டிய பருப்புக்கும் இறைச்சிக்கும் சவுக்கோ கருவேலமோ புளியோ வேண்டும். பிளவுமுகம் கண்ணாடிபோல் வழுக்கினால் நேர்நார். கயிறுபோல் முறுக்கியிருந்தால் பின்னல்நார் என்று சுருக்கமாக நினைவிற்கொள்ளலாம்.

நம் மண்ணுக்கு வந்த இரு விருந்தினர்

நம் அடுப்பை ஆளும் மரங்களுள் இரண்டு வெளியிலிருந்து வந்தவை என்பது பலருக்கு வியப்பூட்டலாம். தென்கிழக்காசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உரிய சவுக்கு, 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடற்கரையில் தோப்புத் தோப்பாகப் பயிரிடப்பட்டது. புகைவண்டி எந்திரங்களுக்கும் நகரங்களுக்கும் விறகு தேவைப்பட்டதே அதற்கு முதன்மையான காரணம். உப்புக் காற்றையும் மணலையும் தாங்கும் அம்மரத்தின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கித் தருகின்றன. ஆகவே வெறும் மணற்காட்டிலும் அது செழிக்கிறது. சவுக்குக்கு மற்றொரு சிறப்பும் உண்டு: ஓரளவு ஈரமாக இருக்கும்போதும் பற்றிக்கொள்ளும், அதன் சாம்பலும் நெடுநேரம் சூட்டைக் காக்கும். இந்தச் சிறப்பே ஏமாற்றுக்கும் வழியாகிறது. "பச்சையானாலும் எரியும்" என்று கூறி, நீரையும் சேர்த்து எடைபோட்டு விற்பது எளிதாகிவிடுகிறது.

அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய சீமைக்கருவேலம் 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகாகவும் கரியாகவும் அது ஏழைகளுக்குப் பேருதவி புரிந்தது. இராமநாதபுரம் சீமையில் கரிமூட்டமே பலருக்குப் பிழைப்பாயிற்று. ஆனால் ஏரிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அது விழுங்கத் தொடங்கியபோது, அதனை அகற்றுமாறு உயர் நீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது. அதனை வெட்டி எரிப்பதில் தவறில்லை. நட்டு வளர்க்காதிருப்பதே நன்று.

எரிக்கக் கூடாதவை

இப்பகுதியைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்குமாறு வேண்டுகின்றேன்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் வந்தது ஒரு மரத்தினால் என்பதை அறிவீர்கள். இன்று அம்மரத்தை நகருக்குள் தேடுவதைவிட, கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் தேடுவதே எளிது. தில்லையின் பட்டை சாம்பல் நிறமானது. சிறு சிறு புள்ளிப் புடைப்புகள் கொண்டது. உதிரும் முன் இலைகள் செந்நிறமாகும். உள்மரம் வெண்மையானது, இலேசானது, நேராகப் பிளக்கக் கூடியது. காண்போருக்கு அடுப்பு மூட்ட ஏற்ற விறகாகவே தோன்றும். அங்கேதான் ஆபத்து உள்ளது. அதன் பால் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். கண்ணில் பட்டால் பார்வையையே தற்காலிகமாகப் பறித்துவிடும். அதை எரிக்கும்போது எழும் புகையும் கண்ணை வருத்தும். வெள்ளத்துக்குப் பின் கழிமுகத்தில் ஒதுங்கும் வெண்ணிற இலேசான கட்டைகளை இனமறியாமல் அடுப்பில் வைக்கலாகாது. பட்டையில் பால் கசிந்து உறைந்த தடம் காணப்பட்டால் அறவே ஒதுக்கிவிடுங்கள்.

அரளியும் அவ்வாறே. வீட்டு வேலியில் வெட்டிப் போட்ட அரளிக் குச்சிகளைச் சுள்ளியாகப் பயன்படுத்தக் கூடாது. செடி முழுவதும் நச்சு, அதன் புகையும் தீங்கு தரும். முந்திரிக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் இயல்புடையது. ஓடுகளை வீட்டடுப்பில் இட்டால் காரமான புகை எழும். துறைமுக நகரமாகிய நம் ஊரில் மற்றொரு தீங்கும் உண்டு. பழைய படகுகளை உடைத்த பலகைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பூசிய வண்ணமும் தாரும் எரியும்போது நச்சுப் புகையாகும். பிளைவுட் துண்டுகளில் உள்ள பசைக்கும் இது பொருந்தும்.

எரிக்கக் கூடாதவற்றுள், நச்சில்லாத சிலவும் உள்ளன. பிச்சாவரத்தின் சுரபுன்னை கனமான, சிவந்த, அருமையாக எரியும் மரம். எனினும் அது காக்கப்பட்ட காடு. வெட்டுதல் சட்டப்படி குற்றம். சட்டத்துக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நம் கடலூர் மாவட்டக் கரையில் நேர்ந்த சேதத்தை ஆராய்ந்த கட்டுரை ஒன்று, 2005ஆம் ஆண்டு 'சயின்ஸ்' என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் நின்ற இடங்களின் பின்னே சேதம் குறைந்திருந்தது என்று அது காட்டியது. ஒரு வேளைச் சோற்றுக்காக வெட்டும் மரம் ஓர் ஊரின் மதில் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இல்லங்களுக்குச் சில யோசனைகள்

நம் பகுதியில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். ஆகவே விறகைப் பங்குனி, சித்திரையிலேயே வாங்கிவிடுவது அறிவுடைமை. வாங்கியதும் பிளந்துவிடுங்கள், பட்டை மூடிய முழுக்கட்டையைவிடப் பிளந்த கட்டை விரைவில் உலரும். தரையில் நேராக அடுக்காமல், கீழே இரண்டு கல்லோ கழியோ இட்டு, காற்றுப் புகுமாறு குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே மட்டும் கீற்றோ தகரமோ போதும். பக்கங்களை மூடினால் ஈரம் வெளியேறாது. கோடை வெயிலில் இரண்டு மூன்று மாதம் காய்ந்த விறகு, அதே பணத்துக்கு அதிகச் சோறாக்கும். குறைந்த புகையே விடும்.

புகை போக வழி செய்யுங்கள். 1953ஆம் ஆண்டிலேயே ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் டாக்டர் எஸ். பி. ராஜு, எளிய குடும்பங்களுக்குப் புகையற்ற அடுப்பு அமைப்பதைப் பற்றி எழுதிய நூலைச் சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. 1983 தொடங்கி 2002 வரை மேம்பட்ட அடுப்புகளை நாடெங்கும் பரப்ப நடுவண் அரசும் ஒரு திட்டத்தை நடத்திற்று. புகைபோக்கியைத் துடைக்காமல் விட்ட வீடுகளில் அவ்வடுப்புகள் நிலைக்கவில்லை. அடுப்பைக் கட்டித் தருவதோடு அதைப் பேணவும் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

எரிவாயுவின் நன்மையையும் நேர்மையாகக் கூற வேண்டும். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று மேல் மட்டுமே பானையைச் சேர்கிறது. எரிவாயு அடுப்பிலோ பாதிக்கு மேல் சேர்கிறது. அக்கணக்கில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று, ஏறத்தாழ 170 கிலோ உலர்ந்த விறகின் வேலையைச் செய்யும். 2016ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் மூலம் ஏழைப் பெண்கள் பலர் இணைப்புப் பெற்றுள்ளனர். ஆயினும் இணைப்புப் பெறுவது ஒன்று. ஒவ்வொரு முறையும் சிலிண்டரை நிரப்பப் பணம் திரட்டுவது வேறொன்று. அந்த இடைவெளியில்தான் நம் இட்டலிக்கார அம்மையாரைப் போன்றோர் வாழ்கின்றனர்.

அன்று மாலை நான் அங்கேயே நின்றிருந்தேன். வண்டிக்காரர் சற்று நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "அடுத்த வாரம் காஞ்ச கட்டையா கொண்டாரேன் ஆயா" என்று கூறி வண்டியைத் திருப்பினார். அவரும் ஏழைதான், மற்றொருவர் எடைபோட்டுக் கொடுத்ததையே இவரும் எடைபோட்டு விற்கிறார். "அதுவரைக்கும் அடுப்புக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். திண்ணை ஓரத்தில் அடுக்கியிருந்த சிறு குவியலைக் காட்டினார். கருவேலம், கொஞ்சம் புளிச் சிராய், மூட்டுவதற்குச் சவுக்குச் சருகு. "ஒரு வாரம் தாங்கும் சாமி. எம் மருமகளும் இப்பத் தட்டிப் பார்க்கக் கத்துக்கிட்டா" என்றார். சொல்லும்போதே இருமினார். அடுப்படியில் கழிந்த ஐம்பது ஆண்டுகள் அந்த இருமலில் இருந்தன.

இறைவாக்கினர் எலியா சாரிபாத்து நகர வாயிலில் கண்ட கைம்பெண்ணும் விறகு பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார். தமக்கும் தம் மகனுக்கும் கடைசி உணவைச் சமைக்க அவருக்கு வேண்டியிருந்தது இரண்டு சுள்ளிகள். அத்தகைய வீடுகள் நம் தெருவிலும் உண்டு. இவ்வாண்டு மழைக்கு முன் அவ்வீடுகளில் உலர்ந்த விறகு இருக்கிறதா, புகை வெளியேற வழி இருக்கிறதா, சிலிண்டர் வெறுமையாய் மூலையில் நிற்கிறதா என்று ஒருமுறை சென்று பார்ப்போமாக. கையில் ஒரு கட்டையைத் தட்டிப் பார்க்கவும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போமாக.